ஒரு கழித்தல் குறியும் பதினொரு நாளும்

மேடம்,

கண்புரை அறுவை முடிந்த பிறகு வெயிலில் போட்டுக்கொள்ளச் சொல்லி மகள் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி அனுப்பியிருக்கிறாள். நேற்று அதைக் கழற்றாமலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டேன். ஓய்வூதிய விண்ணப்பம் ஒன்றை அச்செடுக்க வேண்டியிருந்தது. அங்கே இப்போது பழைய பெட்டித் திரைகள் இல்லை, எல்லாம் தட்டைத் திரைகள். கீழே விழுந்த பேனாவை எடுக்கத் தலையைச் சாய்த்தேன். திரை இருண்டுவிட்டது. நிமிர்ந்தேன், எழுத்து வந்தது. மறுபடி சாய்த்தேன், போய்விட்டது. நான்கைந்து முறை இப்படிச் செய்திருப்பேன். கடைக்காரர், "இன்னா பெரியவரே, கழுத்து சுளுக்கிகிச்சா?" என்றார்.

இல்லை, இந்தத் திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில்தான் அதிர்கிறது, என் கண்ணாடியும் ஒரு தளத்தைத்தான் விடுகிறது, அதனால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. திரைக்குள் திருகிக்கொண்டு நிற்கும் மூலக்கூறுகளைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். எழுத வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே கல்லூரியில் நீங்கள் வேதியியல், நான் இயற்பியல். ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. பல வருடம் நாம் பேசிக்கொண்டது தேர்வுப் பணி, நீங்கள் ஏறும் பள்ளிப்பட்டு பஸ் இவ்வளவுதான். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நீங்கள் பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்தீர்கள். அறையில் சிலர் சிரித்தார்கள். சனிக்கிழமை தோறும் ரயிலேறிச் சென்னைக்குப் போய், உங்கள் வழிகாட்டியின் ஆய்வகத்தில் பொருட்களைத் தயாரித்துவிட்டு வருவீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் நான் வீட்டுக்கு ஒரு கணினி வாங்கினேன் என்று தெரிந்ததும் என் மேசைக்கு வந்து, கேட்காமலே என் சாக்பீஸ் பெட்டியைக் கவிழ்த்தீர்கள்.

ஒரு சாக்பீஸின் மேல் இன்னொன்றைக் கொஞ்சம் திருப்பி வைத்தீர்கள். அதன் மேல் இன்னொன்று, இன்னும் கொஞ்சம் திருப்பி. "திரவப் படிகத்துல மூலக்கூறுங்க சும்மா ஒரே பக்கம் பாத்துகினு நிக்கும் சார். அதுல நான் செய்யற பொருள ஒரு துளி போட்டா, மொத்தமும் இந்த மாதிரி திருகிக்கும். வலப்பக்கம் திருகுமா, இடப்பக்கம் திருகுமான்னு செஞ்சு பாத்தாதான் தெரியுது. செய்யறதுக்கு முன்னாடியே உங்க பொட்டி சொல்லுமா?"

சொல்லலாம் என்றேன். சொல்லும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வராது.

எல்லாப் பொருளும் கற்பூரத்திலிருந்து தொடங்கின. கற்பூரத்துக்கு இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்று நீங்கள் விளக்கிய அன்று நான் ஒரு யோசனை சொன்னேன். "கோயில் மலையடிவாரத்துல எல்லாக் கடையிலயும் விக்கிறாங்களே மேடம், வாங்கிட்டு வரட்டுமா?"

"வாங்கினு வாங்க. ஏத்திவச்சி கும்பிடலாம். கடைச் சூடம் ஃபாக்டரில செஞ்சது சார். இடக்கை பாதி, வலக்கை பாதி. ஒண்ண ஒண்ணு இழுத்துகினு எந்தப் பக்கமும் திரும்பாது. எனக்கு மரத்துலருந்து எடுத்தது வேணும்." கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கடைச் சூடம் உங்கள மாதிரி சார்" என்றீர்கள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது சரியான வர்ணனை என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

வேலை எப்படி நடந்தது என்பதை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் ஒவ்வொரு மூலக்கூறையும் கிராஃப் தாளில் வரைந்து தருவீர்கள். ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்தில் ஓர் எண், தாளின் தளத்திலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று. சில எண்கள் நீல மையில், சில சிவப்பு மையில். நான் அவற்றைக் கணினியில் ஏற்றுவேன். என் நிரல் அந்த மூலக்கூறின் மேற்பரப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து எல்லாவற்றையும் கூட்டும். கூட்டுத்தொகை நேர்க்குறியில் வந்தால் வலப்பக்கத் திருகல், எதிர்க்குறியில் வந்தால் இடப்பக்கம். மூலக்கூறின் வால் சுழலக்கூடியது, ஆகவே பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி முப்பத்தாறு வடிவங்களுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒரு வடிவத்துக்கு முக்கால் மணி நேரம். நடுவில் மின்சாரம் போனால் அந்த வடிவம் முதலிலிருந்து.

"சாரோட மிஷினு நெசவுத் தறியவிட மெதுவாப் போவுது" என்று என் மனைவியிடம் நீங்கள் புகார் சொல்வீர்கள். அவள், "அவரே அப்படித்தான் டீச்சர், மிஷின இன்னா சொல்றது" என்பாள். நீங்கள் வரும் நாளில் அவளுக்கு உற்சாகம். என்னைக் கேலி செய்ய ஆள் துணை கிடைக்கிறதே.

முதல் மூலக்கூறின் படத்தைத் திரையில் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் உங்கள் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "படம் தலகீழா கீது சார்."

ஆமாம், அப்படித்தான் இருந்தது. நாம் தாளில் கீழிருந்து மேலே எண்ணுகிறோம், கணினித் திரை மேலிருந்து கீழே எண்ணுகிறது. நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு வரி சேர்த்து நிமிர்த்திவிட்டேன். மேல்கீழ் அச்சுக்கு ஒரு கழித்தல் குறி. "பரவாயில்லியே, சட்டுனு முடிச்சிட்டீங்க" என்றீர்கள். நான் எதையும் சட்டென்று முடிப்பவன் இல்லை. முடித்த ஒரே சமயம் அதுதான்.

மூன்று வருடத்தில் ஒன்பது பொருள் செய்தீர்கள். ஒன்பதுக்கும் கணினி முன்கூட்டியே திருகலின் பக்கத்தைச் சொன்னது. ஒன்பதையும் சென்னையில் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்துப் பார்த்தீர்கள். ஒன்பதும் சரியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் திங்கட்கிழமை காலையில் என் மேசையைத் தாண்டும்போது எதுவும் பேசாமல் விரல்களைக் காட்டுவீர்கள், மூன்று, நான்கு, ஐந்து என்று. ஆறாவதற்கு இரண்டாவது கையும் வேண்டியிருந்தது. உங்கள் பதிவுக் காலம் அந்த ஆடி மாதத்தோடு முடிகிறது, இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. ஆய்வேடு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. "எங்க நைனா இப்பவே கேக்கறாரு, கறுப்புக் கவுனு போட்டு எப்ப போட்டோ எடுப்பன்னு. எம்பது வயசாவுது அவருக்கு, அவசரம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

நிரலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சிட வேண்டும் என்று கேட்டீர்கள். படிப்பவருக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். பாதியில் அந்தக் கழித்தல் குறி வந்தது. அதற்கு என்ன குறிப்பு எழுதுவது என்று யோசித்தபோதுதான் அது இருக்கும் இடத்தைப் பார்த்தேன். படம் வரையும் பகுதிக்குள் இருக்க வேண்டிய வரி, எண்களைப் படித்த உடனே, கணக்குக்கு முன்னால் இருந்தது. படத்துக்காகப் போட்ட குறி கணக்குக்குள்ளும் போயிருக்கிறது. ஓர் அச்சின் குறியை மட்டும் மாற்றினால் வலக்கை இடக்கை ஆகிவிடும். இதை முதலாண்டு வகுப்பில் இருபது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். உங்கள் ஒன்பது மூலக்கூறுக்கும் பதிலாக அவற்றின் கண்ணாடிப் பிம்பங்களுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

வலக்கை என்று நன்றாகத் தெரிந்த சின்னத் திருகு வடிவம் ஒன்றை ஏற்றிச் சோதித்தேன். வலது திருகை இடது என்றது நிரல். குறியை எடுத்துவிட்டால் சரியாகச் சொன்னது. அப்படியானால் திருத்திய நிரலில் உங்கள் ஒன்பது பொருளுக்கும் விடை தலைகீழாகும். நுண்ணோக்கியில் நீங்கள் கண்டதற்கு ஒன்பதும் நேர் எதிர். ஆய்வேட்டில் கணினிக் கணிப்புக்கான ஐந்தாவது அத்தியாயமே இல்லை என்று அர்த்தம்.

அன்றே ஒரு தாளில், என்ன கண்டேன், எப்படிச் சோதித்தேன், விளைவு என்ன என்று ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டு எழுதினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை.

மறுநாள் நீங்கள் எதிர் மேசையில் உட்கார்ந்து அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தீர்கள். அதற்கடுத்த நாளும். நிரல் எங்கே என்று கேட்டீர்கள். "பிளாப்பி கெட்டுப்போச்சு மேடம்" என்றேன். அடுத்த நாள் ஒரு புதுப் பெட்டி பிளாப்பி வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தீர்கள். வயிறு சரியில்லை என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தாள், குடித்தேன். இத்தனை வருட உழைப்பு, வயதான அப்பா, இந்தச் செய்தியை நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் எனக்குத்தான். அதற்கு உங்கள் பெயரை வைத்திருந்தேன்.

ஆடிக்கிருத்திகை அன்று வந்தீர்கள். பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். காவடிக் கூட்டத்தோடு நடந்து வந்து, தூசிக் காலோடு வாசலில் நின்றீர்கள். "நாளைக்கி பைண்டிங்குக்குக் குடுக்கணும் சார். நிரலு இல்லாம நவுர மாட்டேன்." அந்தப் பதினொன்றாம் நாள் எனக்குத் தைரியம் வந்தது என்று எழுத மாட்டேன். தள்ளிப்போட நாள் மீதியில்லை, அவ்வளவுதான். வாயால் சொல்லவும் முடியவில்லை. பையிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தீர்கள். இரண்டாம் முறையும் படித்தீர்கள். தெருவில் அரோகரா சத்தம் கடந்து போனது.

"ஒம்போதுமா?"

"ஒன்பதும் மேடம்."

"ஒண்ணுகூட மிச்சமில்லியா?"

"இல்ல."

உட்கார்ந்தீர்கள். என் மனைவியிடம் தண்ணீர் கேட்டு முழுச் செம்பையும் குடித்தீர்கள். பிறகு நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. பதினொரு நாளில் ஒருமுறைகூட. "நாலு தப்பு அஞ்சு சரின்னு வந்தா அழலாம் சார். ஒம்போதும் ஒரேமாதிரி மாறுதுன்னா உங்க முறை நல்லாத்தான் கீது. வேற எங்கியோ இன்னொரு தரம் திரும்பிகீது. வாங்க, தேடலாம்."

கூடத்தில் ஒன்பது கிராஃப் தாள்களையும் பரப்பினோம். நீங்கள் தாளைப் பார்த்து வாசிக்க, நான் கணினியில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டேன். மூன்றாவது அணுவிலேயே நின்றது.

"சிவப்பு, ஒண்ணு புள்ளி ரெண்டு" என்றீர்கள்.

"சரி. கூட்டல் ஒண்ணு புள்ளி ரெண்டு."

"இன்னா கூட்டல்? சிவப்பு தாளுக்குக் கீழ போறது சார்."

"சிவப்பு நேர்க்குறிதானே? மின்னூட்டத்துக்கு பிளஸ்ஸ நாங்க சிவப்புலதான்..."

"மின்னூட்டமா? சார், நீலம் மேல, சிவப்பு கீழ. மொத நாள்லருந்து."

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி, "மூணு வருசமா செவப்புன்னா இன்னான்னு டீச்சர ஒரு வார்த்த கேக்கலியா நீங்க?" என்றாள். கேட்கவில்லை. முதல் தாளைக் கொடுத்த அன்றே கேட்க நினைத்தேன். இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவீர்களோ என்று நானே ஒன்றை முடிவு செய்துகொண்டேன்.

நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். தாளின் மேலே கீழே தலைகீழ், திரையின் மேலே கீழே தலைகீழ். இரண்டு அச்சுகள் மாறினால் அது பிம்பம் ஆகாது, மூலக்கூறைப் புரட்டிப் படுக்கவைத்தது மாதிரிதான். கை மாறாது. ஒன்பது விடையும் முதலிலிருந்தே சரி. நான் ஒன்பதையும் திருத்திய நிரலில், திருத்திய எண்களோடு மறுபடி ஓட்டிவிடலாம் என்றேன். "ஆடி மாசம் முடிஞ்சி ஆவணி வந்துடும். ஒண்ணு ஓட்டிப் பாருங்க, போதும்" என்றீர்கள். அந்த ஒன்றின் முதல் வடிவம் முடிய முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பழைய எண்ணே வந்தது.

நிரலையும் என் தாளையும் பையில் வைக்கும்போதுதான் பார்த்தீர்கள். எதை எழுதினாலும் மேலே தேதி போடுவது என் பழக்கம்.

"இது இன்னிக்கித் தேதி இல்லியே சார்."

நான் கிராஃப் தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"பதினோரு நாளா வச்சிகினு இருந்தீங்களா? நான் பிளாப்பி வாங்கினு வந்தேனே, அன்னிக்கும் தெரியுமா?"

"தெரியும்."

உங்கள் குரல் உயரவில்லை. "மைனஸ் போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல சார். யாரு வேணா போடுவாங்க. இந்தம்மாவுக்கு இது தாங்காதுன்னு நீங்களே ஒரு கணக்குப் போட்டீங்க பாருங்க. அந்தக் கணக்க உங்கள யாரு போடச் சொன்னா?"

செருப்பைப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் இறங்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, தேர்வுப் பணியையும் பஸ்ஸையும் தவிர வேறெதுவும் என்னிடம் பேசவில்லை. குறித்த தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்று அலுவலக எழுத்தர் மூலம்தான் தெரிந்துகொண்டேன். நானாக வந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என்ன வார்த்தையில் கேட்பது என்று பல தாள்களில் எழுதிப் பார்த்தேன்.

வாய்மொழித் தேர்வு முடிந்த வாரம் நீங்களேதான் வந்தீர்கள், கட்டிய புத்தகத்தோடு. "கடைசிப் பின்னிணைப்பு படிங்க" என்றீர்கள். ஒரு முழுப் பக்கத்தில் இரண்டு பிழைகளையும் எழுதியிருந்தீர்கள். நிறக்குறியை விளக்காமல் விட்டது ஆய்வாளரின் பிழை என்று உங்கள் பெயரில். மற்றது நிரலில் நேர்ந்தது என்று, யாருடையது என்று சொல்லாமல். தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டாராம்.

"சிவப்பப் பத்தி நான் கேட்டிருக்கணும் மேடம்."

"ஆங், கேட்டிருக்கணும். நானும் சொல்லியிருக்கணும். அது ஆளுக்குப் பாதி. அந்தப் பதினோரு நாள் மட்டும் உங்களுது. அதுல நான் பங்குக்கு வரமாட்டேன்."

மனைவி காப்பி கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தீர்கள். அடுத்த திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து, பத்தாவது பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை இன்னும் ஏழு செய்தோம். அதில் இரண்டுக்குக் கணினி தவறாகச் சொன்னது. அந்த இரண்டையும் நான் அன்றன்றே சொன்னேன்.

உங்கள் நோயை எனக்குச் சொன்ன விதத்தையும் எழுத வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தீர்கள். நான் கீரை வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டீர்கள். "சார், எனக்குக் கட்டி. நல்ல கட்டி இல்ல. ஒரு வருசம்னு சொல்றாங்க. இன்னிக்கி மத்தியானம்தான் தெரிஞ்சிது. உங்ககிட்ட மொதல்ல சொல்றேன், நைனாவுக்கு வீட்டுக்குப் போயி சொல்லணும். பஸ்ஸு வந்துடுச்சி, ஏறட்டா?" நான் ஆங் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் ஏறிவிட்டீர்கள். பதினான்கு மாதம் இருந்தீர்கள்.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றது. போன மாதம் என் மனைவிக்கு ஒரு பரிசோதனை செய்தோம். முடிவை வாங்க நான் மட்டும் போனேன். ஆய்வகத்தின் வாசலிலேயே பிரித்துப் படித்தேன், மருத்துவரிடம் போனில் விவரம் கேட்டேன். பிறகு மகளிடம் சொன்னேன். அழுதாள். பிறகு, "அம்மாகிட்ட இப்போ எதுவும் சொல்லாதீங்கப்பா. அவங்களுக்குத் தாங்காது. நான் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பாத்துக்கலாம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. சரி என்று சொல்வது எனக்கு எவ்வளவு சுலபம் என்று உங்களுக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்லம்மா, வீட்டுக்குத்தான் போறேன். போனதும் சொல்லிடறேன்" என்றேன்.

பத்து நிமிட நடை. வழியில் தெரிந்தவர் ஒருவர் நிறுத்திப் பேச வந்தார், நிற்கவில்லை. அவள் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, தாளில் இருந்ததை இருந்தபடி சொன்னேன். எதையும் விடவில்லை. மருத்துவர் நம்பிக்கையாகச் சொன்னதையும், உறுதியாகத் தெரியாது என்று சொன்னதையும்.

அவள் அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சிது?"

"இப்பதான். அரை மணி நேரம்கூட ஆகல. வாங்கினு நேரா வரேன்."

"வயித்து வலின்னு படுக்காம வந்தீங்களே" என்றாள். பிறகு காய்த் தட்டை என் பக்கம் நகர்த்தி, "மீதிய நறுக்குங்க. நாளைக்கி டாக்டரப் பாக்க எந்த வண்டிக்குப் போகணும், சொல்லுங்க" என்றாள்.